மட்டை யார் கையில்?



பந்தும் போட்டு மட்டையும் பிடிப்பவனை ஆல்ரவுண்டர் என்கிறோம். கபில்தேவ் முதல் அஸ்வின் வரை அந்தப் பெயர்கள் நம்ம பசங்க வாயில் தினமும் புரளுது. மட்டையே தராமல் பந்து மட்டும் போட வைக்கப்பட்ட ஒருவரைப் பற்றி இந்த இதழில் நான் பேச விரும்புகிறேன். பல்வாங்கர் பாலு. 1876-ல் தார்வாரில் பிறந்தவர். சமார் சாதி.

புனாவில் பார்சிகளின் கிளப்பில் மாதம் மூன்று ரூபாய்க்குத் தரை பெருக்கி, உருளை இழுத்தார். பிறகு வெள்ளைக்காரர்களின் புனா கிளப்பில் நான்கு ரூபாய். கிரெய்க் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர் பயிற்சிக்காக அவரைப் பந்து போடச் சொன்னார். பாலு நூற்றுக்கணக்கான மணி நேரம் போட்டார். ஒரு நாள்கூட மட்டை பிடிக்கவிடவில்லை. பந்து போடுவது வேலை, மட்டை பிடிப்பது துரைத்தனம். உழைப்பை எடுத்துக்கொண்டு உரிமையைத் தராதது என்பது இதுதான்.

அவர் பந்து இல்லாமல் வெள்ளையரை ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் இந்துக்கள் டீமில் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். டீ இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, மண் குவளையில். அந்தப் பந்து எதில் செய்தது? தோலில். தோல் தைக்கிறவன் தீட்டு, தோல் பந்து தீட்டில்லை!

1906-ல் இந்துக்கள் ஐரோப்பியரைத் தோற்கடித்தார்கள். 1911-ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன டீம் பெரும்பாலும் தோற்றுத் திரும்பியது. பாலு மட்டும் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அப்படியும் அவரை முறைப்படி கேப்டனாக்கவில்லை. 1923-ல்தான் அவர் தம்பி விட்டலுக்கு அந்தப் பதவி கிடைத்தது. அதுவும் போராடித்தான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1932 புனா ஒப்பந்தத்தில் நம்ம எம்.சி.ராஜா, இரட்டைமலை சீனிவாசன் கையெழுத்தோடு பாலுவின் கையெழுத்தும் இருக்கிறது. 1937 பம்பாய்த் தேர்தலில் காங்கிரஸ் அவரை அண்ணல் அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அண்ணல் 13,245, பாலு 11,225. மைதானத்தில் கேப்டன் பதவியை மறுத்தவர்கள், நம்ம தலைவரை வீழ்த்த மட்டும் பாலுவை முன்னே தள்ளினார்கள். அங்கேயும் அவர் பந்து போட்டார், மட்டை வேறு யார் கையிலோ. இதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. தனி ஆளின் திறமை சாதியை ஒழிக்காது என்ற பாடம்தான் கிடைக்கும்.

தேசியக் கோப்பைகளுக்கு ரஞ்சி, துலீப் என்று ராஜவீட்டுப் பெயர்கள். பாலு பெயரில் ஒன்று இல்லை.

கல்லங்குறிச்சிப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் ஆடும் பசங்களுக்கு நான் சொல்வது இதுதான். பக்கத்து ஊரில் ஆள் பத்தலேன்னு கூப்பிட்டால் போங்க. போகும் முன்பே கேளுங்க: மட்டை எப்போ தருவே? தண்ணி ஒரே குடத்திலா? கேப்டனை யார் தேர்ந்தெடுக்கிறது? இதற்குப் பதில் இல்லையென்றால் பந்தைத் தராதீங்க. பந்து நம்ம கையில் இருக்கிற வரைக்கும்தான் கேள்விக்கு மதிப்பு.