பாலிமர் களிமண் இட்லி: நிஜம் போல இருப்பதுதான் சிக்கல்

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு குட்டி வாழையிலை. அதில் ரெண்டு இட்லி, ஒரு வடை, கிண்ணத்தில் சாம்பார். மொத்தமே கட்டைவிரல் நீளம்தான். ‘அட, எடுத்துச் சாப்பிடலாம் போல இருக்கே!’ என்று சொல்லாதவர்கள் குறைவு. செய்தவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆனால், இரண்டு வயதுக் குழந்தை பாராட்டாது. நேராக வாயில் போட்டுவிடும்.

பெயரில்தான் களிமண். உண்மையில் இது பிவிசி பிளாஸ்டிக். பிசைய வருவதற்காக பிளாஸ்டிசைசரும் நிறமியும் சேர்த்திருப்பார்கள். பிராண்டைப் பொறுத்து 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரை அவனில் சுட்டால் இறுகும். சூடு ரொம்ப ஏறிக் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அதனால், கேக் சுடுகிற அவனில் இதைச் சுடாமல் இருப்பதே நல்லது.

1:12 அளவில் மூன்று அங்குல இட்லி, கால் அங்குலமாகிவிடும். வெறும் வெள்ளையில் செய்தால் சாக்பீஸ் துண்டு மாதிரி இருக்கும். ஒளி ஊடுருவும் களிமண் கொஞ்சம் கலக்கணும். பழைய டூத் பிரஷால் ஒற்றினால் இட்லியின் நுண்துளைகள் வந்துவிடும். பழுப்பு பேஸ்டல் பொடியைத் தடவினால் வடை முறுகும். இவ்வளவு நுணுக்கமான வேலையை ‘பொம்மைக்கு இந்த விலையா?’ என்று பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

என் கவலை பின்பக்கம் ஒட்டும் காந்தம் பற்றியது. சக்திவாய்ந்த நியோடைமியம் காந்தம் இரண்டை விழுங்கினால், குடலின் வெவ்வேறு பகுதிகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கும் குடல் சுவரை ஓட்டையாக்கிவிடலாம். அறுவை சிகிச்சைவரை போகும்.

உணவு என்று நம்பிக் குழந்தைகள் வாயில் போட்டு ஆபத்தில் சிக்கக்கூடிய பொருட்களை விற்க ஐரோப்பா 1987-லேயே தடை கொண்டுவந்தது. இங்கே விற்கிறவர்கள் அட்டையில் ‘ஹேண்ட்மேட்’ என்று அழகாக எழுதுகிறார்கள். ‘இது பிளாஸ்டிக், உள்ளே காந்தம் உண்டு, குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்’ என்று தமிழில் ஒரு வரி சேர்த்தால் விற்பனை குறைந்துவிடுமா என்ன? வட்டக் காந்தத்துக்குப் பதில் தாள் போன்ற வளையும் காந்தம் ஒட்டலாமே.

ஏற்கெனவே வாங்கியவர்கள், குழந்தை கைக்கு எட்டாத உயரத்துக்கு அதை ஏற்றிவிடுங்கள். காந்தம் ஆடுகிறதா என்று நகத்தால் நெம்பிப் பாருங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வயிற்றுவலி வரட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.