மோட்டார் பூட்டிய சைக்கிளுக்கு எத்தனை பல்?

பழைய சைக்கிளுக்கு மின்மோட்டார் பூட்டிக்கொள்ள விரும்பும் அன்பர்கள் நம் குவார்ட்டர்ஸ்களில் பெருகி வருகிறார்கள். மோட்டாரையும் பாட்டரியையும் பற்றித் துருவித் துருவிக் கேட்கிற இவர்கள், பின்சக்கரத்தில் எத்தனை பல் கொண்ட பல்சக்கரம் போடுவது என்பதை மட்டும் கடைக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். அவரோ வேகத்தைச் சொல்லித்தான் விற்பார். அரிசி மூட்டையோடு மேம்பாலம் ஏறப்போகிறவர் அவர் அல்லவே!

கணக்கு எளிது. மோட்டாரின் சிறு சக்கரத்துக்கு 9 பல், அது நிமிஷத்துக்கு 300 சுற்றுச் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 18 பல் இருந்தால் சைக்கிளின் சக்கரம் 150 சுற்றுச் சுழலும். நம் வழக்கமான 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் போகும். ஆகவே வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 14 பல் போட்டால் 25-ஐத் தாண்டும். 22 பல் போட்டால் 16தான்.

பதினாறுதானா என்று முகம் சுளிக்க வேண்டாம். வேகத்தில் விட்டது இழுவையில் வருகிறது. 14 பல்லைக் காட்டிலும் 22 பல் ஒன்றரை மடங்குக்கும் மேலாக இழுக்கும். நம் ரயில்வேயிலேயே இதற்குச் சான்று உண்டு. சரக்கு இழுக்கும் டபிள்யூ.ஏ.ஜி.-9 என்ஜினின் பற்சக்கர விகிதத்தை மாற்றித்தான் பயணி வண்டிக்கான டபிள்யூ.ஏ.பி.-7 உருவாயிற்று. முன்னதில் 77-க்கு 15, பின்னதில் 72-க்கு 20. மூட்டை சுமக்கும் சைக்கிள் எந்த ஜாதி என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இப்போது மேம்பாலத்துக்கு வருவோம். 30 அடி நீளத்துக்கு ஓர் அடி உயரும் ஏற்றம். ஆளும் சைக்கிளும் மூட்டையுமாக 120 கிலோ. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதானால், ஏற்றத்துக்கு மட்டுமே சுமார் 200 வாட் சக்தி செலவாகும். காற்றுக்கும் டயருக்கும் ஏறத்தாழ 100 வாட் தனி. 250 வாட்டுக்குட்பட்ட மோட்டார் இதைத் தனியே சமாளிக்காது. வேகத்தைக் குறைக்க வேண்டும், காலாலும் மிதிக்க வேண்டும். 14 பல் போட்டவர் வேகத்தைக் குறைத்தால் மோட்டாரும் திணறி மெதுவாகச் சுழன்று, மின்சாரத்தை அள்ளிக் குடிக்கிறது. மின்னோட்டம் இரட்டித்தால் கம்பிச் சுருளில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். சுருள் கருகுவது இப்படித்தான். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய மோட்டார் என்பதை மறந்துவிடலாகாது.

சட்டமும் ஒன்று உண்டு. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைந்திருப்பது, மோட்டார் வாகன விதிகளிலிருந்து விலக்குப் பெறுவதற்கான நிபந்தனைகளில் இரண்டு. மேலே கண்ட 14 பல் இதையும் மீறுகிறது.

என் அபிப்பிராயம் கேட்டால், கல்கத்தாவைப் போன்ற சமதளத்தில் தனியாள் போக 18 பல் போதும். மேம்பாலமும் மூட்டையும் தினப்படி விஷயமானால் 22 போடுங்கள். புனேயில் காத்ரஜ் பக்கம் இருப்பவர்கள் அதற்கும் மேலே போகலாம், மிதிப்பதையும் விடக்கூடாது. சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் அமைந்த வகையை வாங்குவோருக்கு இந்தத் தேர்வே கிடையாது.

பல்சக்கரத்தை மாற்றும்போது சங்கிலியின் கண்ணிகளையும் கூட்டவோ குறைக்கவோ நேரும். இரண்டு பல்சக்கரங்களும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று பின்னாலிருந்து குனிந்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.