திரையில் விரியும் ஏடு

நூலின் நடுவே விரலைச் செருகிக்கொண்டு, முன்னர்ப் படித்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மீண்டும் விரலிருக்கும் இடத்திற்கே வந்து சேர்கிறோம். எவரும் கற்பிக்காமலே கை அறிந்துகொண்ட பழக்கம் இது. திரையில் படிக்கும்போது நாம் முதலில் இழப்பது இதனைத்தான்.

மின்னூல்களை வடிவமைத்தோர் அச்சுநூலின் தோற்றத்தைப் பின்பற்றுவதில் பெரிதும் முனைந்தனர். 2010இல் ஐபேடுடன் வந்த ஐபுக்ஸ் செயலியில் நூல்கள் மரத்தட்டில் அடுக்கப்பட்டிருந்தன. விரலால் இழுத்தால் தாள் சுருண்டு புரண்டது. 2013இல் மரத்தட்டு மறைந்தது. புரளும் தாள் 2022இல் நீக்கப்பட்டு, மறு ஆண்டே திரும்பி வந்தது. இரண்டையும் ஒன்றாக எண்ணுதல் தகாது. மரத்தட்டு வெறும் ஒப்பனை. புரளும் தாளோ, முன்னே செல்கிறோமா பின்னே வருகிறோமா என்பதைக் கண்ணுக்கு உணர்த்துகிறது.

ஆயினும், நூலின் உயிர்நிலை தாள் புரள்வதில் இல்லை. சொற்கள் இடம் மாறாதிருப்பதில் உள்ளது என்பதே என் கருத்து. ஒரு செய்தியை மறந்தாலும், அது இடப்பக்கத்தின் அடியில் இருந்தது என்பது நினைவில் நிற்கிறது. திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் இடம்பெயர்ந்து, பக்கம் என்பதே கரைந்துவிடுகிறது. (பார்வை குன்றியோர்க்கு இவ்வசதி பெரும் வரம் என்பதை மறுப்பதற்கில்லை.) 2007இல் வெளிவந்த கிண்டில் கருவி, பக்க எண்ணுக்கு மாற்றாக இட எண்களைத் தந்தது. ஒரே வகுப்பில் ஒருவர் அச்சுநூலையும் மற்றொருவர் கருவியையும் வைத்திருந்தால், ஆசிரியர் சொல்லும் பக்கத்தை இருவரும் ஒருசேரக் காண்பது எங்ஙனம்? 2011இல் பல நூல்களுக்கு அச்சுநூலின் பக்க எண்கள் அக்கருவியில் சேர்க்கப்பட்டன. மரத்தட்டை வரைவதற்குச் செலவிட்ட உழைப்பினும் இச்சிறு மாற்றம் படிப்போர்க்கு மிகுந்த பயன் தந்தது என்பேன்.

அதற்காக, அனைத்தையும் அச்சுநூலின் வடிவிலேயே காட்ட முனைவதும் பிழையாகும். ஓலைச்சுவடி நீண்டு குறுகியது. துளையிட்டுக் கயிற்றில் கோக்கப்பட்டது. ஓலைகளை ஒவ்வொன்றாகத் தள்ளியே அதனைப் படிப்பர். அதனை நடுவில் தைத்த நூல்போல இடமும் வலமுமாகப் புரட்டிக் காட்டும் திரை, சுவடியைக் கண்டறியாத மாணவருக்குப் பொய்யான ஓர் உருவத்தையே கற்பிக்கும். ஓலையின் இருபுறமும், துளையும், ஓரத்து எண்ணும் தெரியட்டும். ஓர் ஓலையில் விரல் வைத்தபடி வேறோர் ஓலையைப் பார்த்து மீளவும் அத்திரை இடம் தரட்டும்.