தோட்டா மேல பழி போடாதீங்க

எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் கடைசியா எதை மாத்தினோம்னு எங்க ஊர்ல ஒருத்தரும் கேக்கறதில்லை. மோட்டாரோ, ட்ராக்டரோ, ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவாங்க. போனா காசுதான் போகும். துப்பாக்கியிலயும் அதே வாய்வைத்தியம் நடக்குது, அதனாலதான் எழுதறேன்.

பக்கத்துத் தோட்டத்து மாமாகிட்ட லைசென்ஸோட 12 போர் பம்ப் துப்பாக்கி ஒண்ணு இருக்குது. பட்டணத்து நண்பர்கள் உடனே பன்னிக்கறி விருந்துன்னு நினைக்க வேண்டாம். நம்ம இஷ்டத்துக்குக் காட்டுப்பன்னியைச் சுட 1972 வன உயிரினச் சட்டம் விடாது. கடலைக்காட்டுல இறங்கினா மண்மேட்டைப் பார்த்து ஒரு வேட்டு, அவ்வளவுதான். பழைய குழல் உள்ளே துருவேறிக் குழி விழுந்துட்டதால கடையில வேற குழல் வாங்கி, வீட்டுத் திண்ணையில வெச்சு மாட்டினார். அதுக்கப்புறம் விசையை இழுத்தா மூணுக்கு ரெண்டு தடவை 'டிக்'னு சத்தம் மட்டும்.

வந்தாங்க வைத்தியருங்க. தோட்டா நமுத்துப் போச்சு, வெயில்ல காய வைன்னார் ஒருத்தர். அப்பளமா அது? ஊசி தேஞ்சிருச்சு, வெல்டிங் வெச்சு நீட்டுன்னார் இன்னொருத்தர். வீடியோ பார்த்தே எல்லாம் கத்துக்கிட்ட தம்பி, ஸ்பிரிங்கை மாத்தச் சொன்னான். ஒருத்தராவது அந்தத் தோட்டாவோட பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாங்களா? நடுவுல இருக்கற கேப்புல ஊசி எவ்வளவு ஆழம் குத்தியிருக்குன்னு பார்த்தா பாதிக் கதை தெரிஞ்சு போகும். நல்ல பள்ளம் விழுந்தும் வெடிக்கலைன்னா தோட்டாவைச் சந்தேகப்படலாம். இங்க விழுந்தது நகக்குறி மாதிரி.

பெரும்பாலான பம்ப் துப்பாக்கிகள்ல போல்ட் போய்ப் பூட்டிக்கறது குழலோட வால்பகுதியிலதான். முன்னால இருக்கற மூடி கடைசி மரை வரைக்கும் இறங்கலைன்னா குழல் ஒரு நூல் முன்னால நிக்கும். பூட்டு முழுசா விழாது, ஊசியும் எட்டாது. பூட்டு விழாம வெடிச்சா சுடறவன் மூஞ்சிக்கே திரும்பும், அதனாலதான் ஊசி எட்டாதபடி செஞ்சு வெச்சிருக்காங்க. ஊசியை நீட்டச் சொன்ன புண்ணியவான் அந்தக் காவலைத்தான் உடைக்கச் சொல்றார். அதே 12 போர், அதே கம்பெனின்னாலும் எல்லாக் குழலும் எல்லா உடம்புக்கும் சேராது, அதையும் யாரும் கேக்கலை.

'டிக்'னு நின்னவுடனே பம்பை இழுத்துத் தோட்டாவை வெளியே எடுக்கறாங்களே, அதைப் பார்த்தாத்தான் எனக்கு ஈரக்குலை நடுங்குது. சிலது தாமதமா வெடிக்கும். ஆள் இல்லாத மண்மேட்டைப் பார்த்து நீட்டினபடியே ஒரு நிமிஷம் அசையாம நிக்கணும். 'பொசுக்'குனு அரைச் சத்தம் வந்திருந்தா, தோட்டாவை எல்லாம் எடுத்துட்டுக் குழலுக்குள்ள அடைப்பு இருக்கான்னு பார்க்காம அடுத்ததைப் போடவே கூடாது. குழலே பிளந்துரும்.

சர்க்காருக்கும் ஒரு கேள்வி. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை ரிப்பேர் பண்ற தொழிலுக்கும் லைசென்ஸ் வேணும். சரி, நியாயம்தான். எங்க பக்கத்துல இருந்த ரெண்டு கடையும் மூடியாச்சு. ஒரு சின்ன வேலைன்னா பஸ் ஏறி ஒரு நாள் பொழப்பைக் கெடுத்துக்கிட்டுப் போகணும். தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்றதுக்கு மட்டும் வீடு தேடி ஆள் வருது. போற வழியில்லாத சம்சாரி கொல்லுப்பட்டறைக்குத்தான் போவான். அங்க கை போனா 'விபத்து'ன்னு எழுதி முடிச்சிருவீங்க. லைசென்ஸ் கொடுக்கறவங்களே ஜில்லாவுக்கு ரெண்டு கைத்தேர்ந்த ஆளாவது இருக்கற மாதிரி பாத்துக்க வேண்டாமா?

மாமாவை நானே இழுத்துக்கிட்டுப் போனேன். மூடியோட மரையில பழைய கிரீஸும் மண்ணும் கட்டியா அடைச்சிருந்தது. ரெண்டு மரை பாக்கியிருக்கும்போதே இறுகிட்டு நின்னிருக்கு. ரிப்பேர்காரர் தொடைச்சு, குழலை உக்கார வெச்சு, வெறும் துப்பாக்கியில பூட்டு விழறதைப் பத்துத் தடவை பார்த்துட்டுத்தான் கையில கொடுத்தார். வெயில்ல காய்ஞ்ச தோட்டாக்களை அவர்கிட்டயே ஒப்படைச்சுட்டு வந்தோம்.