விரல்கள் கற்ற கல்வி

இயற்கைக்கு ஊறு செய்யாத பொருள்களை வடிவமைப்பது எப்படி என்று ஆராய இன்று கருத்தரங்குகள் கூடுகின்றன. கூடட்டும்! ஆனால் அந்த வித்தையைப் பரம்பரையாகக் காத்துவரும் நம் சகோதரிகள் நெல்லை மாவட்டத்துப் பத்தமடையில் இருக்கிறார்கள். அவர்களை நம் சமுதாயமே பொருட்படுத்தவில்லை என்பதுதான் நமது குற்றச்சாட்டு.

பத்தமடைப் பாய் எதனால் ஆனது? ஆற்றோரத்துக் கோரையும் பருத்தி நூலும்தான். கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி உலர்த்தி, ஓடும் நீரில் நாள் கணக்கில் ஊறவைத்து, மீண்டும் மெல்லிய இழைகளாகக் கிழிக்கின்றனர். எந்தப் பதத்தில் எடுப்பது? எவ்வளவு அழுத்திக் கீறுவது? இவற்றுக்கு ஏட்டில் விடையில்லை. இழையை வளைத்துப் பார்க்கும் விரலும், நிறம் மாறக் காணும் கண்ணுமே அங்கு ஆசான்கள். சொல்லில் அடங்காத இத்தகைய அறிவைப் பற்றி மைக்கேல் பொலானி என்னும் அறிஞர் 1966-ஆம் ஆண்டில் ஒரு நூலே வெளியிட்டார். பத்தமடைத் தாய்மார்களுக்கோ அது அன்றாடப் பிழைப்பு!

பிளாஸ்டிக் பாய் மலிவு என்பர். மலிவுதான், ஆனால் அது வியர்வையை ஏற்காது, கிழிந்தபின் மண்ணும் அதை ஏற்காது. கோரைப் பாயோ உடலுக்குக் குளிர்ச்சி தந்து, நைந்தபின் மண்ணோடு மண்ணாகிறது. இந்த வேறுபாட்டை அறிய ஆய்வுக்கூடம் வேண்டுமா? சஜ்தாவில் படியும் நெற்றி போதாதா?

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமேனியில் பாயின் தழும்பைக் கண்டு உமர் (ரலி) அவர்கள் கண்ணீர் வடித்த வரலாற்றை மேடைதோறும் முழங்குகின்றனர். முழங்கியவர் இறங்கி வந்து அமர்வதோ செயற்கை விரிப்பின் மீது!

1953-ஆம் ஆண்டு எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்கு நம் பாய் சென்றது என்று பெருமை பேசுவோர் பலர். புவிசார் குறியீடு கிடைத்ததையும் கொண்டாடினர். குறியீடு பெயரைக் காக்கும்; விரலைக் காக்காது. விரலைக் காப்பது கூலி ஒன்றே. நாள் முழுதும் குனிந்து நெய்தவளிடம் பேரம் பேசிவிட்டு, அவள் மகள் தறியில் அமர மறுக்கிறாள் என்று அங்கலாய்ப்பது நீதியாகுமா? எரிந்த நூலை மீண்டும் அச்சிடலாம். விரல் மறந்ததை எந்த அச்சகம் அச்சிடும்?

ஆகவே ஜமாஅத் பெரியோர்களே, பள்ளிவாசலுக்கு அடுத்த விரிப்பு வாங்குமுன் பத்தமடையை நினையுங்கள். மணவீட்டாரே, மணமக்கள் பெயர் நெய்த பாயைச் சீர்வரிசையில் சேருங்கள். அதற்குரிய விலையைக் குறைக்காமல், அவர்களின் வியர்வை உலருமுன் கொடுங்கள்.