சுவரே இல்லாத பள்ளிக்கூடம்

பிள்ளையைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறோம். முதலில் எதைக் கேட்கிறோம்? ஃபீஸ் எவ்வளவு, பஸ் நம் தெருவுக்கு வருமா, ரிசல்ட் எப்படி? இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "கிளாஸெல்லாம் ஏ.ஸி.யா?" 'இன்டர்நேஷனல்' என்று போர்டு மாட்டினால் முகப்பு முழுக்கக் கண்ணாடி பளபளக்கணும், உள்ளே போனால் சில்லென்று இருக்கணும் என்று நாமாகவே முடிவு கட்டிவிட்டோம்.

ஆனால் பாருங்கள், பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கிற, ஃபீஸும் எக்கச்சக்கமாக வாங்குகிற ஒரு இன்டர்நேஷனல் பள்ளிக்கூடத்தில், பெரும்பாலான வகுப்புகளுக்குக் கண்ணாடி என்ன, சுவரே கிடையாது! இந்தோனேஷியாவின் பாலித் தீவில், ஆயுங் நதிக்கரையில் இருக்கிற 'கிரீன் ஸ்கூல்'தான் அது. அங்கே நகை வியாபாரம் செய்துவந்த ஜான் ஹார்டி, சிந்தியா ஹார்டி என்கிற தம்பதி ஆரம்பித்து, 2008-ல் திறந்தார்கள். மழலை வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை உண்டு.

எல்லாம் மூங்கில். தூண் மூங்கில், உத்தரம் மூங்கில், மேஜை நாற்காலிகூட மூங்கில். நடுவில் நிற்கிற பெரிய கட்டடத்துக்கு 'ஹார்ட் ஆஃப் ஸ்கூல்', அதாவது பள்ளியின் இதயம் என்று பெயர். நத்தை ஓடு மாதிரி சுருண்டு சுருண்டு ஏறுகிற மூன்று கூரைகளை ஒன்றோடொன்று சேர்த்தாற்போல இருக்கும். சுருள் முடிகிற உச்சியில் வெளிச்சத்துக்குத் திறப்பு. கூரை உயரமாக இருப்பதால் சூடான காற்று மேலே போய்விடும். கீழே நாலு பக்கமும் திறந்திருப்பதால் ஆற்றங்கரைக் காற்று தானாக உள்ளே வரும்.

2021-ல் 'ஆர்க்' என்று ஒரு விளையாட்டுக் கூடமும் கட்டினார்கள். ஹார்டியின் மகள் எலோரா நடத்துகிற 'இபுகு' நிறுவனம் கட்டியது. 14 மீட்டர் உயரத்துக்கு மூங்கில்களை வில்லாக வளைத்து நிறுத்தியிருக்கிறார்கள். 19 மீட்டர் அகலத்துக்கு நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது!

"மூங்கிலா? ரெண்டு வருஷத்துல உளுத்துக் கொட்டிடுமே!" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நியாயம்தான். மூங்கிலுக்குள் மாவுச்சத்து இருக்கிறது. அதைத் தின்னத்தான் வண்டு வருகிறது. அதனால் நன்றாக முற்றின மூங்கிலாகப் பார்த்து வெட்டி, போராக்ஸ் உப்புக் கரைசல் ஏற்றிக் காயவைத்துவிடுகிறார்கள். தூணை மண்ணில் புதைக்காமல் கல்லின்மேல் நிறுத்துகிறார்கள். கூரையைத் தாழ இறக்கிச் சாரல் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். காலும் நனையக்கூடாது, தலையும் நனையக்கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம். நம் முன்னோர் திண்ணைத் தூணைக் கல்லின்மேல் நிறுத்தினதும் இதற்காகத்தானே?

எல்லாமே சௌகரியம் என்று சொல்லமாட்டேன். காற்றோடு மழை அடித்தால் சாரல் உள்ளே வரத்தான் செய்யும். பக்கத்து வகுப்புச் சத்தம் கேட்கும், கொசு வரும். புல் கூரையை அவ்வப்போது மாற்றணும். மூங்கில் கட்டடம் என்றால் வருஷம் பூராவும் பராமரிப்பு வேலை இருக்கும். அதற்கெல்லாம் பணம் உள்ள பள்ளிக்கூடம் அது.

புல் கூரை என்றதுமே உங்களுக்கு நெஞ்சு திக்கென்றிருக்கும். எனக்கும்தான். 2004 ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்ததை எந்தத் தாய் மறப்பாள்? அங்கே சமையல் கொட்டகையில் பிடித்த தீ, மாடியில் இருந்த கூரை வகுப்புக்குத் தாவியது. இறங்கி ஓடப் போதுமான வழி இல்லை. அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரையை எடுக்கச் சொன்னார்கள். ஆகவே மூங்கிலையும் புல்லையும் அப்படியே காப்பியடிக்க வேண்டாம். ஆனால் சுவரில்லாத தரைத்தள வகுப்பில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பிள்ளை வெளியே ஓடலாம். ஒரே வாசல், ஒரே குறுகல் மாடிப்படி என்றால், கூரை கான்கிரீட்டாக இருந்தாலும் ஆபத்துதான். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. வீட்டில் மாட்டுகிற ஸ்ப்ளிட் ஏ.ஸி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கிற காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. நாற்பது பிள்ளைகள் மூச்சுவிடுகிற அறையை இறுக்கி மூடினால் கரியமிலவாயு ஏறும். தூக்கம் வரும், தலை கனக்கும். ஒரு பிள்ளைக்குச் சளி என்றால் வரிசையாக எல்லாருக்கும் வரும். 2020-ல் கொரோனா வந்து ஜன்னலின் அருமையை நமக்குச் சொல்லிக் கொடுத்ததே! சாயங்காலம் பிள்ளை சோர்ந்து வந்தால் டானிக் வாங்குகிறோம். அது உட்கார்ந்திருந்த அறைக்குக் காற்று வந்ததா என்று கேட்பதில்லை.

அதனால் அட்மிஷனுக்குப் போகும்போது ஆபீஸ் ரூமோடு திரும்பிவிடாதீர்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு வாருங்கள்:

வகுப்பில் ஜன்னல்கள் எதிரெதிராக இருக்கின்றனவா? திறக்க வருமா, அல்லது ஆணி அடித்து மூடிவிட்டார்களா?

லைட்டை அணைக்கச் சொல்லிக் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். போர்டில் எழுதியது தெரிகிறதா?

மேற்கு வெயிலுக்குச் சன்ஷேடோ மரமோ வராந்தாவோ இருக்கிறதா?

மாடியிலிருந்து இறங்க இரண்டு படிக்கட்டு உண்டா? அதில் இரண்டாவது பூட்டிக் கிடக்கிறதா?

கடைசியாக, பெண் பிள்ளைகளின் கழிப்பறை. தயங்காமல் உள்ளே போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள், தண்ணீர், குப்பைக்கூடை மூன்றும் வேண்டும். பாத்ரூம் சரியில்லை என்று காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வருகிற பெண்கள் எத்தனை பேர்! நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் அப்படித்தான் வருகின்றன.

"இதெல்லாம் கேட்டால் சீட் கிடைக்காமல் போய்விடுமோ?" என்று பயப்படாதீர்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலு தாய்மார்கள் சேர்ந்து கேளுங்கள். நூறு ரூபாய்ப் புடவையைக்கூட வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம். பிள்ளை பன்னிரண்டு வருஷம் உட்காரப் போகிற இடமாச்சே, பார்க்க வேண்டாமா?

அடுத்த இதழில், வீட்டில் பிள்ளைகள் படிக்கிற மூலைக்கு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரணும் என்று பார்ப்போம்.