பச்சைக் குழந்தைக்கு டயாலிசிஸா?

"குழந்தை பிறந்து இருபது நாள்தான் ஆகிறது. சிறுநீரகம் இரண்டுமே சரியாக வேலை செய்யவில்லையாம். டயாலிசிஸ் செய்யச் சொல்கிறார்கள். 'சின்ன உசுரை எதுக்குங்க வதைக்கோணும்?' என்கிறார் என் மாமியார். செய்தால் குழந்தை தங்குமா, டாக்டரம்மா?" என்று உடுமலைப் பக்கத்துச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்.

மாமியாரைக் கோபிக்காதீர்கள் அம்மா. நான் படித்த எண்பதுகளில் டாக்டர்களே அப்படித்தான் நினைத்தோம். ஒரு மாதக் குழந்தை என்றால் பெரிய டாக்டர்கள்கூடத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்று கதை வேறு. பல நாடுகளில், பிறந்த முதல் மாதத்திலேயே இந்தச் சிகிச்சை ஆரம்பித்த 264 குழந்தைகளின் கணக்கு 2014ல் வெளியானது. இரண்டு வருஷம் கழித்து நூற்றுக்கு 81 பேர் உயிரோடு இருந்தார்கள். ஐந்து வருஷம் கழித்து 76 பேர். வசதியுள்ள நாடுகளின் கணக்குதான் இது, நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் 'வீண் வேலை' என்று சொல்லும் காலம் போய்விட்டது. மூளையிலோ நுரையீரலிலோ வேறு கோளாறும் இருந்தால் பலன் குறையும். அதனால் "சிறுநீரகம் மட்டும்தானா?" என்பதை முதலில் கேளுங்கள். வேறு பெரிய கோளாறும் இருந்து, வேண்டாம் என்று ஒரு குடும்பம் டாக்டரோடு கலந்து பேசி முடிவெடுத்தால், அதையும் நான் குறை சொல்லமாட்டேன்.

மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 240 மில்லி, ஒரு பெரிய டம்ளர். அதை வெளியே எடுத்து மெஷினில் சுத்தம் செய்வது சிரமம். ஆகவே வயிற்றில் மெல்லிய குழாய் வைத்து, மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் நிறுத்தி வடிப்பார்கள். வயிற்றின் உள் ஜவ்வே வடிகட்டியாகிவிடுகிறது. பழகிவிட்டால் இதை வீட்டிலேயே, ராத்திரி குழந்தை தூங்கும்போது செய்யலாம்.

எத்தனை நாளைக்கு? குழந்தை ஏறக்குறைய 10 கிலோ எடை வரும்வரை. பிறகு அப்பா அல்லது அம்மாவின் சிறுநீரகத்தைப் பொருத்தலாம். அதுவும் ஆயுசுக்கும் வராது. பத்துப் பதினைந்து வருஷம் கழித்து இன்னொன்று தேவைப்படலாம். மருந்தை மட்டும் ஒரு நாளும் விடக்கூடாது. இப்படி வளர்ந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், விளையாடுகிறார்கள். பலர் உயரத்தில் குட்டை, சிலருக்குப் படிப்பில் வேகம் குறைவு.

எடை ஏற வேண்டுமே, அங்கேதான் பெரும்பாடு. இந்தக் குழந்தைகளுக்குப் பசியே இருக்காது, குடித்ததைக் கக்கிவிடும். மூக்கு வழியாகக் குழாய் வைத்துப் பால் கொடுக்கச் சொன்னால் பயப்படாதீர்கள். முதல் இரண்டு வருஷத்தில்தான் மூளையும் உடம்பும் வேகமாக வளர்கின்றன, அந்த நாட்களைப் பட்டினியில் விட்டால் திரும்பக் கிடைக்காது. தாய்ப்பால் ரொம்ப நல்லது. பசும்பாலில் பாஸ்பரஸ் ஜாஸ்தி, டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

நம் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் இளநீர்! பொள்ளாச்சித் தோப்பு இருக்கும்போது வேறென்ன தோன்றும்? ஆனால் அதில் பொட்டாசியம் ஏராளம். வேலை செய்யாத சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, இதயமே நின்றுவிடலாம். பாட்டி ஆசையாக ஒரு ஸ்பூன் ஊற்றினாலும் தடுத்துவிடுங்கள். 'உப்பே ஆகாது' என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. சில குழந்தைகளுக்குச் சிறுநீரிலேயே உப்பு போய்விடும், அவர்களுக்கு நாங்களே அளந்து கொடுக்கச் சொல்வோம்.

வடிந்து வரும் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் வயிற்றில் கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திராமல் அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

செலவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கும் மாற்று அறுவைக்கும் இடம் உண்டு. 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் டயாலிசிஸ் பைகள் வீடு தேடி வருகின்றன. கைக்குழந்தைக்கு என்ன கிடைக்கும் என்று கோவை அரசு ஆஸ்பத்திரியிலேயே விசாரியுங்கள். குழந்தைகளுக்கான சிறுநீரக நிபுணர் யார் என்றும் கேளுங்கள், பெரியவர்களைப் பார்ப்பவர் மட்டும் போதாது. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கிறது.

இன்னொன்று. பை மாற்றும் வேலையை அம்மா மட்டும் கற்றுக்கொண்டு வந்தால், ஆறு மாதத்தில் அவள் படுத்துவிடுவாள். தினமும் ராத்திரி, லீவே கிடையாது. பயிற்சிக்குக் கணவரையும் கூட்டிப்போங்கள். "எனக்கு வராதுங்க" என்பார். சோமனூர்ப் பக்கம் தறியில் அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிற கைகளுக்கு இது வராதா? சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவச் சொல்லி, பக்கத்தில் உட்கார வையுங்கள்.